மை போன லேபிளும் சேராங்கொட்டைக் குறியும்

பழைய துணியில் லேபிள் மங்கியிருந்தால் பெரும்பாலும் எல்லோரும் முதலில் அதைத் துவைத்துவிடுகிறார்கள். அழுக்கு போனால் எழுத்து தெரியும் என்று நினைப்பு. அழுக்கோடு சேர்ந்து மிச்சமிருந்த மையும் போய்விடும். அதனால் இந்தப் பதிவில் துவைக்கிற வேலையே கிடையாது. முதலில் படிக்கணும், படமெடுக்கணும், எழுதி வைக்கணும். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் சேலம் குகைப் பகுதியில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பேன்ட் இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாண பிளவுஸைப் பிரித்து விடுவது என்று ஓடும் கடை. பழைய துணியில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு என்பது நண்பர்களுக்குத் தெரியும். ஏற்காட்டில் ஒரு பழைய காப்பித் தோட்ட பங்களாவை வாங்கிப் புதுப்பிக்கும் நண்பன், பரணில் இருந்த தகர டிரங்குப் பெட்டியை என் தலையில் கட்டினான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கியதிலிருந்து அங்கே எத்தனையோ குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார், பிறகு நம் ஊர்க்காரர்கள், அவர்களுடைய மேனேஜர்கள். பெட்டிக்குள் இருந்ததும் அப்படித்தான்: ஒரு ட்வீட் கோட்டு, காக்கி டிரவுசர், கம்பளி கார்டிகன், பூப்போட்ட பருத்தி கவுன், டெரிலின் சட்டைகள், வெள்ளை டிரில் பேன்ட்டுகள். யாருடையது, எந்தக் காலம், எதை வைத்துக்கொள்வது, எதை நாடகக் குழுவுக்குக் கொடுப்பது என்று சொல்ல வேண்டியது என் வேலை.

பெட்டியை மலையிலேயே திறந்து பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுமார் 1,500 மீட்டர் உயரம். பனி இறங்கினால் தலையணை உறைகூட நசநசவென்று இருக்கும் ஊர். ஈரத்தில் பூஞ்சைத் தூள் துணியோடு அப்பிக்கொள்ளும். பெட்டியோடு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிக் கீழே கொண்டுவந்து, கடை மாடியில் நிழலில், காற்றோட்டத்தில் விரித்துப் போட்டேன். வெயிலில் போடக் கூடாது. மலை ஈரம் லேபிளை மக்க வைக்கும் என்றால், சேலத்து வெயில் அதை வெளுத்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, மெல்லிய பெயின்ட் பிரஷால் பூஞ்சையைத் தட்டிவிட்டேன். லேபிள் இருக்கும் இடத்தில் பிரஷ்கூட வைக்கவில்லை.

ஒரு துணியில் நாலு பேருடைய குறி இருக்கும். நெய்த மில், தைத்த கடை, உடுத்தியவர், வெளுத்தவர். லேபிள் என்றதும் நாம் தையல்கடைக் குறியைத்தான் தேடுகிறோம். என் அனுபவத்தில் அதுதான் முதலில் அழிவது. கழுத்துப் பட்டியில், வியர்வையும் உராய்வும் படும் இடத்தில், இருப்பதிலேயே மலிவான ரிப்பனில் அடித்திருப்பார்கள். மற்ற மூன்றையும் படித்துவிட்டு அதனிடம் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

கோட்டிலிருந்து தொடங்குகிறேன், இருந்ததிலேயே அதிக நேரம் வாங்கியது அதுதான். அளவெடுத்துத் தைத்த பழைய கோட்டுகளில் கழுத்தில் தேடிப் பயனில்லை. உள் மார்புப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு அதன் துணியை வெளியே இழுத்தால், உள்ளே ஒரு லேபிள் தைத்திருக்கும். கடைப் பெயர் நெய்யப்பட்டிருக்கும். அதற்குக் கீழே வாடிக்கையாளர் பெயரும் தேதியும் பேனாவால் எழுதியிருக்கும். இந்தக் கோட்டிலும் அது இருந்தது. ஆனால் பார்வைக்கு வெறும் பழுப்புத் துணி. கடைப் பெயரை நெய்த கருப்பு நூலே இல்லை.

இதற்குக் காரணம் சாயம். அந்தக் காலத்தில் கருப்புக்கும் அடர்ந்த பழுப்புக்கும் இரும்பு உப்பையும் கடுக்காய் மாதிரியான துவர்ப்புப் பொருளையும் சேர்த்துச் சாயம் போடுவது வழக்கம். அந்த இரும்பு வருஷக்கணக்கில் நூலையே அரித்துவிடும். சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, கருப்பு மட்டும் பொடியாக உதிர்ந்துபோன பழைய பூவேலைகளைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து கருப்பாக இருந்தால் எழுத்துதான் முதலில் போகும். ஆனால் நூல் போனாலும் அது இருந்த இடம் போகாது. ஊசி போன துளையும், இழை அழுத்திய பள்ளமும் அடித்துணியில் அப்படியே இருக்கும்.

அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச் ஒன்றைத் துணியின் மட்டத்துக்குப் படுக்க வைத்து, லேபிளைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். வெளிச்சம் மேலிருந்து நேராக விழும்போது தெரியாத பள்ளங்கள், பக்கவாட்டில் விழும்போது நிழல் கட்டும். ஒரே கோணத்தில் எல்லா எழுத்தும் தெரியாது. படுத்த கோடுகள் ஒரு திசையிலும் நின்ற கோடுகள் இன்னொரு திசையிலும் தெரியும். செல்போனை ஒரு ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, டார்ச்சை மட்டும் நகர்த்தி ஒவ்வொரு திசைக்கும் ஒரு படம். அப்புறம் படங்களை வரிசையாகப் புரட்டினால் கண் தானாகவே எழுத்தைக் கூட்டிக்கொள்ளும். மேல் வரி, அதாவது கடைப் பெயர், கடைசி வரை பிடிகொடுக்கவில்லை. கீழ் வரியில் ஊர் பெங்களூர் என்று வந்தது. அதற்கு முன்னால் இருந்தது 'சவுத் பரேடு'.

எனக்குக் கடைப் பெயரைவிட அந்தத் தெருப் பெயர்தான் வேண்டியிருந்தது. இன்றைய மகாத்மா காந்தி ரோடுதான் பழைய சவுத் பரேடு. பெயர் மாறியது 1948-இல். ஆகவே லேபிள் அதற்கு முந்தையது. பழைய லேபிள் கட்டைத் தீரும்வரை தைத்துக்கொண்டே இருக்கும் கடைகளும் உண்டு என்பதால் ஓரிரண்டு வருஷம் தள்ளிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பேனா எழுத்துக்கு வேறு வழி. பழைய நீலக்கருப்பு மையும் இரும்புச் சரக்குதான். வெளிறினால் டீக்கறை போல ஆகிவிடும், வெறுங்கண்ணுக்குத் துணியின் பழுப்பிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் அந்த மை புறஊதா ஒளியை விழுங்கும். பருத்தித் துணி அதே ஒளியில் லேசாக ஒளிரும். யூவி டார்ச்சை அடித்ததும் 'பழுப்பில் பழுப்பு' போய், மங்கலான வெளிச்சத்தின் மேல் கருங்கோடாக எழுத்து எழுந்து வந்தது. பெயர் தெரிந்தது. குடும்பத்தினர் எங்காவது இருக்கலாம் என்பதால் இங்கே எழுதவில்லை. தேதி செப்டம்பர் 1936.

டார்ச் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் மலிவாகக் கிடைப்பது 395 நானோமீட்டர் டார்ச். அது ஊதா வெளிச்சத்தை வாரி இறைக்கும், அந்த ஊதாவிலேயே பாதி விவரம் மூழ்கிவிடும். 365 நானோமீட்டர் என்று போட்டு, முகப்பில் கருப்பு வடிகட்டி உள்ளதை வாங்குங்கள். கண்ணில் அடித்துப் பார்க்காதீர்கள், புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துணி மேல் தேவைக்கு மேல் அடிக்கவும் வேண்டாம். சாயத்தை வெளிற வைப்பதே அந்த ஒளிதான்.

கோட்டின் இன்னொரு பாக்கெட்டருகே ஹாரிஸ் ட்வீட் சின்னம் இருந்தது: சிலுவை வைத்த உருண்டை. பாதி அழிந்திருந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கைத்தறியில் நெய்த கம்பளிக்கு 1910-இல் பதிவான முத்திரை அது. 1911 முதல் துணியிலேயே குத்தி வருகிறார்கள். பதிவுபெற்ற முத்திரையைக் கொண்டு ஒரு ஊர் நெசவைக் காப்பது நமக்கும் புதிதில்லை. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். ஆனால் தைத்து ஒட்டிய லேபிளை மட்டும் வைத்து நான் ஒப்புக்கொள்வதில்லை. லேபிளைப் பிரித்து வேறு கோட்டில் தைப்பது ஐந்து நிமிஷ வேலை. கீழ்மடிப்பில் லைனிங் ஏற்கெனவே பிரிந்திருந்த இடம் வழியாகத் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அதே உருண்டையின் ஒரு வளைவு முத்திரையாக அங்கேயும் இருந்தது. சரி, இது அசல்.

தைத்த நூலையும் யூவியில் பார்த்தேன். இப்போதைய வெள்ளை நூலில் ஒளிர்பொருள் சேர்ப்பதால் அது பளிச்சென்று நீலமாக எரியும். லேபிளைப் பிடித்திருந்த நூல் எரியவில்லை. இந்தச் சோதனை கோட்டு மாதிரித் துவைக்காத உடுப்புக்குத்தான் செல்லும். சட்டைக்கு எடுபடாது. சோப்புத்தூளிலும் அதே ஒளிர்பொருள் இருக்கிறது, சர்ஃப் இங்கே வந்ததே 1959-இல். அதற்குப் பிறகு ஒரு தடவை ஊறப்போட்டிருந்தாலும் தாத்தா காலத்துச் சட்டையும் புதுச்சட்டையாக மின்னும். நம் வீடுகளில் போட்ட பழைய நீலம் அப்படி மின்னாது.

காக்கி டிரவுசரில் லேபிளே இல்லை, உள் இடுப்பில் ஒரு கருமுத்திரை. காக்கியும் அழுக்கும் கலந்து தவிட்டு நிறமாக இருந்த துணியில் ஏதோ கருமை, அவ்வளவுதான் தெரிந்தது. இதற்குக் கைகொடுத்தது கடையின் சிசிடிவி கேமரா. இரவில் விளக்கை அணைத்ததும் அந்தக் கேமரா அகச்சிவப்புக்கு மாறிவிடும். பல சாயங்கள் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும். கரி சேர்ந்த மை மட்டும் கருப்பாகவே நிற்கும். டிரவுசரைக் கேமராவுக்கு முன்னால் ஒரு கை நீளத்தில் பிடித்துக்கொண்டு, ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்தேன். திரையில் துணி வெள்ளையாகி முத்திரை தனியே நின்றது. மேல்நோக்கிய அகன்ற அம்பு, அதன் கீழே ஆங்கில 'ஐ'. அம்பு பிரிட்டிஷ் அரசாங்கச் சரக்கின் குறி, 'ஐ' என்றால் இந்தியாவில் தயாரானது. பக்கத்தில் 1943. மிக அருகில் கொண்டுபோனால் அந்தக் கேமராவுக்குப் பார்வை நிலைக்காது, சின்ன எழுத்து கிடைக்காது. பெரிய முத்திரைக்கு இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரிந்து இல்லை. மறுநாள் காலையில் பதிவைப் பார்த்த என் தம்பி, நடுராத்திரி இருட்டில் யார் டிரவுசரைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டான்.

கவுன் சுலபம். உள்தையலில் ஒரு சின்ன நாடா, அதில் வாய் பிளந்த இரண்டு வட்டங்களும் 41 என்ற எண்ணும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தபோது, அரசு விதித்த அளவுக்கும் விலைக்கும் கட்டுப்பட்டுத் தயாரித்த உடுப்புகளில் போட்ட 'சிசி41' குறி அது. 1941-இல் தொடங்கி 1952 வரை இருந்தது. எண்ணில் 41 என்று இருப்பதால் 1941-இல் தைத்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது திட்டத்தின் பெயர், கவுனின் பிறந்த வருஷம் இல்லை.

கார்டிகனிலும் இதே பொறி உண்டு. அமெரிக்கச் சரக்கு எப்படி ஏற்காடு வந்ததோ. லேபிளின் கீழே 'டபிள்யூ.பி.எல்.' என்று போட்டு ஓர் எண், இரண்டு இலக்கம் அரைகுறை. '1939 சட்டம்' என்று பெயர் பெற்ற கம்பளிப் பொருள் லேபிள் சட்டத்தின்கீழ் அமெரிக்க வணிக ஆணையம் கம்பெனிகளுக்குக் கொடுத்த எண் அது. 1941 முதல் 1959 வரை கொடுத்தார்கள், 13669-உடன் நின்றது. அதற்கடுத்த எண்ணிலிருந்து 'ஆர்.என்.' என்ற பதிவு எண் வரிசை தொடர்கிறது. எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் காட்டும் தேடல் வசதி ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக உண்டு. ஆனால் அது கம்பெனி பதிவு செய்த காலத்தைத்தான் சொல்லும். 1950-இல் எண் வாங்கிய கம்பெனி 1985-இலும் அதே எண்ணைப் போடலாம். எண்ணிலிருந்து வருஷத்தைக் கணக்குப் போட்டு எடுக்க ஒரு வாய்பாடு புழங்குகிறது, நான் அதைத் தொடுவதில்லை. அதைவிட நல்ல சாட்சி, லேபிளில் இல்லாதது. நூல் விகிதத்தைச் சதவீதத்தில் போடும் விதி எல்லா ஜவுளிக்கும் 1960-இல் வந்தது. துவைக்கும் முறையைத் தைத்தே வைக்கவேண்டும் என்பது 1972-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கார்டிகனில் துவைக்கும் குறிப்பே இல்லை, பிய்த்த தடமும் இல்லை. 1972-க்கு முந்தையது என்று மட்டும் எழுதி வைத்தேன்.

உள்ளூர்ச் சட்டைகளுக்கு வந்தால் ஆட்டம் மாறிவிடும். சேலத்துத் தையல்கடைக்குத் தேடல் தளம் ஏது? ஆனால் நம் லேபிள்களில் முகவரி இருக்கும், முகவரி நன்றாகவே வயசைச் சொல்லும்.

டெரிலின் சட்டைகளில் ஒன்றில் சாட்டின் ரிப்பனில் நீல மையில் அச்சடித்த லேபிள். ரிப்பன் மஞ்சளாகிவிட்டது, நீலம் போன இடம் தெரியவில்லை. படமெடுத்து கிம்ப் மென்பொருளில் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பிரித்தேன். எந்த அடுக்கைப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். மஞ்சள் கறை நீல அடுக்கில் கருப்பாகத் தெரியும், ஆகவே அதை ஒதுக்கிவிட வேண்டும். சிவப்பு அடுக்கில் மஞ்சள் வெளுத்துப்போகும், நீல மையோ இருண்டு நிற்கும். ஒரே தட்டலில் கறை மறைந்து எழுத்து வந்துவிடும். எழுத்து சிவப்பாக இருந்தால் பச்சை அடுக்கைப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் டி-ஸ்ட்ரெட்ச் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பாறை ஓவியங்களில் மங்கிய வண்ணத்தைத் தூக்கிக் காட்டுவதற்காக எழுதியது. குகைச் சுவரில் வேலை செய்வது குகைத் தெருக் கடையிலும் வேலை செய்கிறது.

வந்த எழுத்தில் கடைப் பெயரின் நடுவில் ஓட்டை. ரிப்பனின் இரு முனையும் உள்ளே மடித்துத் தைத்திருந்ததால், ஒரு பக்கத் தையலில் நாலைந்து கண் மட்டும் பிரித்து மடிப்பை விரித்தேன். வெளிச்சமே படாத அந்த மடிப்பில் மை நேற்று அடித்ததுபோல் இருந்தது. முழு எழுத்தில்லை, பெயரின் முதல் எழுத்தில் பாதி. ஆனால் மையின் அசல் நிறம் என்ன, எழுத்து எவ்வளவு தடிமன் என்று காட்டிவிட்டது. அந்தத் தடிமனை வைத்து ஓட்டையில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று அளந்தேன்.

முகவரியில் 'சேலம்-1', மூன்று இலக்கப் போன் நம்பர், 'மதராஸ் ஸ்டேட்'. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதற்குப் பிறகு அடித்த லேபிளாக இருந்தால் 636 001 என்று ஆறு இலக்கம் எதிர்பார்க்கலாம். மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14. இன்னொரு சட்டையில் கடை தருமபுரியில், ஆனால் மாவட்டம் சேலம் என்றிருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். நாமக்கல் என்றால் 1997 வரைகூட சேலம் மாவட்டம்தான், ஏமாந்துவிடக் கூடாது. விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் இன்னும் வசதி. ரூபாய்-அணா-பை என்று இரண்டு கோடு போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.' (நயா பைசா) என்றால் அதிலிருந்து 1964-க்குள்.

சட்டையின் முன்பட்டியை உள்ளே திருப்பினால் சில சமயம் துணியின் ஓரம் தெரியும். சிக்கனமான டெய்லர் ஓரத்தை வெட்டி எறியாமல் பட்டிக்குள் மடித்திருப்பார், மில் அடித்த எழுத்து அதில் மாட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சட்டையில் 'டெரீன்' என்று பாதிச் சொல் கிடைத்தது. டெரிலின் என்ற பாலியெஸ்டர் இழையை இங்கிலாந்தில் கண்டுபிடித்தது 1941-இல். நம் ஊர்க் கடைகளில் டெரீன் என்ற பெயரில் அது பவுசாகத் திரிந்தது அறுபதுகளில்.

செவ்வாய்ப்பேட்டையில் தொழிலை விட்டு ஓய்வாக இருக்கும் ஒரு டெய்லர் மாஸ்டரிடம் அந்தச் சட்டையைக் காட்டினேன். லேபிளை அவர் பார்க்கவே இல்லை. காலர் முனையை விரலால் நீவிப் பார்த்தார், காஜாவைத் திருப்பிப் பார்த்தார். "கைக்காஜா தம்பி. அறுபத்தஞ்சு, அறுபத்தெட்டு இருக்கும். லேபிள்ல என்னத்தப் பாக்கறே?" என்றார். என் படங்களும் அடுக்குகளும் சொன்ன அதே காலம். அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி வெளுத்தவர் குறி. நான் பெட்டியில் மிகவும் ரசித்தது இதைத்தான். வெள்ளை டிரில் பேன்ட்டுகள் எல்லாவற்றிலும், கால் மடிப்பின் உள்மூலையில், நகத்தளவுக்கு ஒரு குறி: ஒரு படுத்த கோடு, அதன் மேல் மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கருப்பென்றால் அப்படியொரு கருப்பு. தையல்கடை ரிப்பன் மஞ்சளாகி, பொத்தான் துருவேறி, முழங்கால் நைந்துபோன பேன்ட்டில் இது மட்டும் புதுசு. சேராங்கொட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் கருப்பு அது. உவர்மண்ணுக்கும் வெள்ளாவிக்கும் சோடாவுக்கும் தப்பிப் பிழைக்கத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் லேபிளுக்கு என்னென்னவோ மை தேடியபோது நம் சலவைத்துறையில் குச்சி முனையால் தொட்டு வைத்த புள்ளி எண்பது வருஷம் நின்றிருக்கிறது.

சலவைத் தொழிலில் தலைமுறையாக இருந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கோடு துறையைச் சொல்லுதுங்க, புள்ளிதான் வீடு. பெருக்கல் எங்க பக்கத்துல போடறதில்ல, அது மலைக்காரங்க கையா இருக்கும்" என்றார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக்கணக்கு, ஏட்டில் எழுதுவதில்லை, அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். அவர் சொன்னதை அவர் வழக்கம் என்றுதான் குறித்தேன், எல்லா ஊருக்கும் பொருத்தவில்லை. ஆனால் அந்தக் குறி ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னது. அதே கோடும் புள்ளியும் பெருக்கலும் காக்கி டிரவுசரின் மடிப்பிலும், கோட்டோடு மடித்து வைத்திருந்த உள்சட்டையிலும் இருந்தன. பெயர் எழுதாத மூன்று வகை உடுப்பும் ஒரே வீட்டு மூட்டையில் போய்த் திரும்பியவை. பெங்களூர் லேபிளால் இதைச் சொல்ல முடியாது.

சேராங்கொட்டைக் குறியைத் தொடும்போது கையுறை போடுங்கள். முந்திரி, மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் கொட்டையின் பால் சிலருக்குத் தோலைக் கொப்புளித்துவிடும். இரண்டாம் உலகப்போரில் இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்குச் சலவைக்குறி பட்ட இடத்தில் தோல் வெந்ததை 1943-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். காய்ந்த குறி ஒன்றும் செய்யாது என்று எண்ணிச் சும்மா தேய்க்க வேண்டாம்.

நான் இந்த வேலையில் இருப்பதைப் பார்த்த நண்பனின் அம்மா, "தம்பி, அப்படியே இதையும் பார்த்துச் சொல்லுப்பா, எங்க மாமியாரோடது" என்று ஒரு பட்டுப்புடவையை எடுத்துவந்தார். முந்தானை உள்முனையில் ஊதா ரப்பர் முத்திரை இருந்திருக்கிறது. ஊதா மை வெளிச்சத்துக்கும் தாங்காது, தண்ணீருக்கும் தாங்காது. தண்ணீர் பட்ட பக்கம் மேகமாகப் பரவியிருந்தது. ஆனால் புடவையை எப்போதும் ஒரே மடிப்பில் வைத்திருந்ததால், முத்திரை மேல் படிந்திருந்த அடுத்த மடிப்பில் அதன் தடம் ஒட்டியிருந்தது, இடவலம் மாறி. அதைப் படமெடுத்துத் திருப்பினேன். பச்சை அடுக்கில் வட்டத்தின் பாதியும், 'நெசவாளர்', 'கூட்டுற' என்ற துண்டுகளும், விலையில் 48-8-0 என்பதும் வந்தன. ஆகவே 1957-க்கு முன். கூட்டுறவுச் சங்கம் எது என்று தெரியவில்லை. கோ-ஆப்டெக்ஸ் 1935-லிருந்தே இருக்கிறது, அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி என்று சுற்றிலும் தறி இருந்த ஊரில் பாதி வட்டத்தை வைத்து ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லத் துணிவில்லை. கெஜக் கணக்கு போட்டிருந்தாலும் அதை வயசுக்குச் சான்றாக எடுத்திருக்க மாட்டேன். மீட்டர் வந்து இத்தனை வருஷமாகியும் புடவைக் கடையில் நாம் கெஜத்தில்தான் பேசுகிறோம். அம்மாவுக்குச் சங்கத்தின் பெயர் பெரிதாகப் படவில்லை. விலையைக் கேட்டதும், "நாற்பத்தெட்டரை ரூபாயா! மாமியார் எப்பவும் முப்பதுன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

எல்லாம் படித்து முடித்ததும் பிரித்த இடங்களைப் பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி தைத்தேன். மெல்லிய பருத்தி நூல் போதும், பாலியெஸ்டர் நூல் நைந்த ரிப்பனை அறுத்துவிடும். சாட்டின் லேபிள் பக்கம் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டுபோகாதீர்கள். பழைய சாட்டின் பல அசிடேட் இழை, அசிடோன் பட்டால் கரைந்து கையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட்டும் வேண்டாம், மை ஓடும். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு அட்டை எழுதினேன். கண்ணால் பார்த்த எழுத்து நீலப் பேனாவில், நான் ஊகித்து நிரப்பியது பென்சிலில். அட்டையைத் துணியில் குத்தாமல் பருத்தி நூலால் பொத்தானில் கட்டிவிட்டேன். பிளாஸ்டிக் உறை கூடாது. கஞ்சி போடாமல் துவைத்து உலர்த்திய பழைய வேட்டியில் சுற்றிவைத்தால் போதும். அந்துருண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் துணி மேல் படாமல் தனிப்பையில்.

காக்கி டிரவுசரையும் கவுனையும் நாடகக் குழுவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெரிலின் சட்டைகளில் லேபிள் இல்லாத இரண்டைக் கொடுக்கலாம். கோட்டை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் நண்பனே முடிவெடுத்துவிட்டான். தோள் அவனுக்குச் சரியாகப் பொருந்துகிறதாம், தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு அதைத்தான் போடப்போகிறானாம். போட்டுக்கொள், ஆனால் ட்ரைவாஷுக்குக் கொடுத்தால் நம்பர் சீட்டை ஸ்டேப்ளர் பின் போட்டு உள் பாக்கெட் லேபிளில் குத்தாமல் பொத்தான் துளையில் கட்டச் சொல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.